மேரி நின்ற இடம்

4 பிப்ரவரி, ஞாயிறு

காலையில் சட்னி அரைக்கும்போது சும்மா இருக்காமல் போனில் அந்த நிகழ்ச்சியைப் போட்டுத் தொலைத்தேன். பிரதீபன் என்று ஒருவர், யூடியூபில் ராப்பைப் பற்றிப் பேசியே பிழைக்கிறவர். ஒரு நாளாவது மைக் பிடித்துப் பாடியிருப்பாரா என்றால் இல்லை. இன்றைய தலைப்பு, ‘திறமைசாலி யார், லெஜண்ட் யார்?’ பின்னால் ஒரு பலகை. இடது பக்கம் திறமைசாலிகள், வலது பக்கம் லெஜண்டுகள். “வேகவல்லி. தமிழ்ல இவங்க ஸ்பீடுக்குப் பக்கத்துல ஆள் கிடையாது” என்று சொல்லிக்கொண்டே என் படத்தை எடுத்து இடது பக்கம் ஒட்டினார். வலது பக்கம் மொத்தமே நாலு பேர். அதில் ஒருத்தி சகாயமேரி.

மிக்ஸியை நிறுத்திவிட்டேன்.

மேரிக்கும் பீட்டுக்கும் பிறவிப் பகை. தாளம் முன்னால் போகும், இவள் பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வருவாள். ஒரு வரியில் இரண்டு எதுகை சேர்ந்தாற்போல் வந்தால் அன்றைக்கு விசேஷம். இவள் லெஜண்டாம். காரணமும் சொன்னார் பிரதீபன்: “திறமைசாலி பாடுனா நாம கேப்போம். லெஜண்ட் பாடுனா நாம பாடுவோம்.” என்ன கண்டுபிடிப்பு. அப்படிப் பார்த்தால் சோப்பு விளம்பரத்துக்கு மெட்டுப் போட்டவர்தான் இந்த நாட்டிலேயே பெரிய லெஜண்ட்.

என் வயிறு எரிவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மேரியை மேரி ஆக்கியது ‘நம்பர்’ என்ற ஒரே பாட்டு. அதை எழுதியது நான். வியாசர்பாடியில், எங்களுக்கெல்லாம் பீட் போட்டுத்தரும் நௌஷாத்தின் ஸ்டூடியோவில் உட்கார்ந்து எழுதினேன். மேரி கேட்டுக் கற்றுக்கொள்வதற்காக என் குரலில் முழுசாக டிராக் பாடியும் கொடுத்தேன். அதைக் காதில் மாட்டிக்கொண்டு திரிந்துதான் அவள் பாடவே பழகினாள்.

என் பெயரைப் போட வேண்டாம் என்று சொன்னதும் நான்தான், இல்லையென்று சொல்லவில்லை. கால்வாய் ஓரத்து வீடுகளை இடிக்கப் போகிறார்கள், அளக்க வந்தவர்கள் சுவரில் நம்பர் போட்டுவிட்டுப் போகிறார்கள் என்று ஒரு அழுகைப் பாட்டு. அதில் போய் வேகவல்லி என்ற பெயரா என்று இருந்தது. சினிமாவில் எழுதுகிறவர் ஒருவர், பாடுகிறவர் ஒருவர் என்று இருக்கலாம். ராப்பில் அது அவமானம். உன் வாயிலிருந்து வருவது உன்னுடையதாக இருக்க வேண்டும். அந்த அவமானம் அவளுக்கு வேண்டாம், பாவம் என்றும் விட்டேன். பாவம் பார்த்த எனக்கு இடது பக்கம், அவளுக்கு வலது பக்கம்.

சட்னியில் உப்பு போட மறந்திருக்கிறேன். அம்மா அதை அப்படியே சாப்பிட்டுவிட்டாள்.

6 பிப்ரவரி, செவ்வாய்

நான் ரத்தம் எடுக்கும் லேபில் விடிந்ததும் சர்க்கரை டெஸ்ட் கூட்டம் வந்துவிடும். வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சிரிப்பே வராது. இன்றைக்கு வந்தது.

“முப்பத்திநாலு” என்று கூப்பிட்டேன். யாரும் எழவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன். மூலையிலிருந்து ஒரு பெரியவர் நிதானமாக எழுந்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டே ராகமாக இழுத்தார்: “நம்பர் போட வந்தவனே, பேரக் கேட்டியா?”

ஹால் முழுக்கச் சிரிப்பு. பின்னாலிருந்து ஒரு அம்மா, “கேளும்மா, கேட்டாத்தான் கைய நீட்டுவாரு” என்கிறாள். அந்தப் பாட்டில் எத்தனையோ வரி இருக்க, எல்லோருக்கும் இது ஒன்றுதான் கிடைக்கிறது.

“இந்தப் பாட்ட எழுதினது யாருன்னு தெரியுமா சார்?”

“ஏன் தெரியாது? நம்ம மேரிப் பொண்ணு.”

நம்ம மேரிப் பொண்ணாம். இவர் இருப்பது அண்ணா நகரில். கால்வாயைப் பாலத்து மேலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்ததோடு சரி. வேறு வழியில்லாமல் பெயரைக் கேட்டேன். தணிகாசலமாம். “இப்பக் கேட்டியே, அது போதும்” என்றார். வழக்கம்போல் மெதுவாகத்தான் குத்தினேன். அதற்கு எவ்வளவு பொறுமை தேவைப்பட்டது என்பது எனக்குத்தான் தெரியும்.

7 பிப்ரவரி, புதன்

சிலிண்டர் இன்றும் வரவில்லை. கேட்டால் நாளைக்காம்.

10 பிப்ரவரி, சனி

நௌஷாத்தின் ஸ்டூடியோ ஒரு மெத்தைக் கடைக்கு மேலே இருக்கிறது. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் பழைய மெத்தை. எப்போது போனாலும் தலையில் பஞ்சோடுதான் திரும்ப வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை கல்லூரி மைதானத்தில் பெரிய நிகழ்ச்சி. பீட் எல்லாம் நௌஷாத்துடையது. யார் எப்போது என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தான். முதலில் நான், கடைசியில் மேரி.

“நான் ஓப்பனிங்கா?”

“நீ ஆரம்பிச்சாத்தான் வல்லி கூட்டம் சூடாகும்.”

“நான் என்ன அடுப்பா?”

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“மனசுல இருக்கறதச் சொல்லு நௌஷாத். நான் நல்லாப் பாடுறனா, அவ நல்லாப் பாடுறாளா?”

“நீதான். இதுல என்ன சந்தேகம்?”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணும் இல்ல. டீ சொல்லவா?”

இதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யாரும் நான் மோசம் என்று சொல்லவில்லை. சொன்னால் சண்டை போடலாம். எல்லோரும் ஆமாம் ஆமாம் நீதான் என்று சொல்லிவிட்டு டீ சொல்லப் போய்விடுகிறார்கள். டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன். அவன் பின்னாலேயே இறங்கி வந்து தலையில் பஞ்சு இருக்கிறது என்கிறான்.

17 பிப்ரவரி, சனி

உடம்பெல்லாம் எரிகிறது. ஆனாலும் இப்போதே எழுதிவிட வேண்டும்.

நான் பாடினேன். ஒரு இடம் பிசகவில்லை. மூன்றாவது பாட்டில் பதினாறு வரியை ஒரே மூச்சில் முடித்தபோது மைதானமே ‘ஓ’ என்றது. எல்லோரும் போனை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்தார்கள். இறங்கி வந்ததும் ஒரு பெண் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, செமக்கா. ஒண்ணுமே புரியல, ஆனா செம.” பாராட்டுகிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் மேரி. பெட்ரோல் பங்கில் டியூட்டி முடித்து நேராக வந்திருந்தாள். அந்த நீலச் சட்டையைக்கூட மாற்றவில்லை. மூன்றாவது வரியிலேயே பீட்டைத் தவறவிட்டாள். ஒரு வார்த்தையை விழுங்கினாள். நான் மேடை ஓரத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், எழுதியவள் ஆயிற்றே. அந்த இடம் வந்தது. “நம்பர் போட வந்தவனே” என்று பாடிவிட்டு நிறுத்தினாள். மைதானம் முழுக்க, “பேரக் கேட்டியா?”

சரி, அடுத்த வரிக்குப் போக வேண்டியதுதானே? போகவில்லை. அப்படியே நின்றாள். பீட் ஓடிக்கொண்டிருக்கிறது, இவள் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். முன்வரிசையில் ஒருவன் “கதிரேசன்” என்று கத்தினான். பிறகு ஒரு பெண் “மும்தாஜ்” என்றாள். அவ்வளவுதான், நாலா பக்கமும் ஆளாளுக்குத் தங்கள் பெயரைக் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். அவள் ஒவ்வொரு குரல் வந்த பக்கமும் திரும்பித் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் நான் இரண்டு பாட்டை முடித்திருப்பேன். பக்கத்தில் காவலுக்கு நின்ற பெண் போலீஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு எழுத்து விடாமல் பாடிய எனக்கு ‘ஓ’. பாடாமல் நின்றவளுக்குக் கண்ணீர். நியாயமா இது? கேட்பதற்கு ஆள் இல்லை என்பதால்தானே இப்படி நடக்கிறது?

18 பிப்ரவரி, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். நான் பாடிக் கொடுத்த டிராக் என் போனில் பத்திரமாக இருக்கிறது. அதை அப்படியே வெளியிடப் போகிறேன். கேட்டுப் பார்க்கக்கூடத் தேவையில்லை, மனப்பாடம். எழுதியது யார், பாடத் தெரிந்தவள் யார் என்று ஊர் தானே முடிவு செய்துகொள்ளட்டும்.

ஆனால் முதுகில் குத்துவது எங்கள் பழக்கம் இல்லை. ராப்பில் ஒருத்தரை அடிப்பதென்றால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். அதனால் மேரி வீட்டுக்குப் போனேன்.

அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. கால்வாயை ஒட்டி வரிசையாக வீடுகள், எல்லாச் சுவரிலும் சிவப்புப் பெயிண்டில் பெரிய நம்பர். ஒவ்வொரு நம்பருக்குக் கீழேயும் கரியாலும் சுண்ணாம்பாலும் அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் ‘அஞ்சலை, மகள் ரோஸி, நாய் மணி’. பக்கத்து வீட்டில் இறந்துபோனவர் பெயர்கூட இருந்தது. இந்தப் பாட்டு வந்த பிறகு எழுதினார்களாம். தெருவின் கடைசி வரை பார்த்துக்கொண்டே போனேன். என் வரிகளில் ஒன்றைக்கூட யாரும் எழுதியிருக்கவில்லை.

மேரி குழாயடியில் சீருடையைத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

“வாக்கா, உக்காரு.”

“உக்கார வரல. ‘நம்பர்’ டிராக்க வெளியில விடப்போறேன். என் குரல்ல. எழுதினது நான்தான்னு எல்லாருக்கும் தெரியட்டும்.”

கையிலிருந்த நுரையை வழித்துவிட்டாள். “வுடுக்கா. நல்லாருக்கும் அது. அத்தக் கேட்டுத்தான நான் கத்துக்கினேன்.”

“உனக்கு அசிங்கமா இல்ல?”

“எதுக்குக்கா?”

“அடுத்தவங்க எழுதினதப் பாடிட்டு லெஜண்டுன்னு பேர் வாங்குறதுக்கு.”

“அந்தாளு சொன்னதுக்கு நான் இன்னாக்கா பண்றது? இங்க எல்லாருக்கும் தெரியும், ஒரு அக்கா எழுதிக் குட்த்துச்சுன்னு. நான் சொல்லிக்கினுதான் கீறேன்.” சட்டையைப் பிழிந்தாள். “ஆர்டர் வந்துட்ச்சுக்கா. மே மாசத்துக்குள்ள காலி பண்ணணுமாம்.”

சண்டைக்குப் போனவளுக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். அடித்தால் திருப்பி அடிக்க வேண்டும், பாட்டுக்குப் பாட்டு பதில் சொல்ல வேண்டும், அதுதான் எதிராளிக்குக் கொடுக்கும் மரியாதை. அந்த மரியாதைகூட எனக்குக் கிடைக்கவில்லை. மோர் நன்றாக இருந்தது என்பதில்தான் இன்னும் ஆத்திரம்.

24 பிப்ரவரி, சனி

காலையில் ஏற்றிவிட்டேன். ‘நம்பர் – எழுதியவளின் குரலில்’.

மதியத்துக்குள் ஆயிரக்கணக்கில் பார்த்துவிட்டார்கள். “யம்மா, என்னா ஸ்பீடு.” “மூச்சு எங்கதான் விடுறீங்க சிஸ்டர்?” “ஒரிஜினல விட இது க்ளீனா இருக்கு.” கடைசிக் கமெண்டை மூன்று தரம் படித்தேன். வேலை முடிந்து வரும்போது அம்மாவுக்குப் பால்கோவா வாங்கினேன். “என்னடி விசேஷம்?” என்றாள். நியாயம் கிடைத்துவிட்டது என்றேன். யாருக்குக் கல்யாணம் என்று கேட்கப்போகிறவள் மாதிரி முழித்தாள்.

25 பிப்ரவரி, ஞாயிறு

நேற்று சாயங்காலமே ஒரு கமெண்ட் இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. “பேரக் கேட்டியா எங்க?”

இன்று காலை பார்த்தால் வரிசையாக அதேதான். “அந்த லைன் வரும் வரும்னு பாத்தேன், வரவே இல்ல.” “எழுதினவங்களுக்கே அந்த லைன் தெரியலயா?” “அப்ப அது மேரி போட்டதுதான். இதோ ப்ரூஃப்.” ப்ரூஃபாம். நான் வெளியிட்டது அவளுக்கு ப்ரூஃப் ஆகிவிட்டது.

சரி, எழுதிவிடுகிறேன். அந்த இடத்தில் நான் எழுதியது இது: ‘எண்ணுக்குள் எனையெண்ணி எண்ணவைத்த எண்ணமென்ன, மண்ணுக்குள் மனைமண்ணாய் மண்டவைத்த மர்மமென்ன’. ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். இதைத் தமிழில் இன்னொருவர் சொல்லட்டும், நான் பாடுவதையே விட்டுவிடுகிறேன். ரெக்கார்டிங் அன்று மேரிக்கு நாக்குப் புரளவில்லை. திரும்பத் திரும்ப முயன்றாள். கடைசியில் பாடுவதை விட்டுவிட்டு, அவள் வீட்டை அளக்க வந்தவன் எதிரில் நிற்கிற மாதிரி, அந்தக் கேள்வியைக் கேட்டாள். அதுவும் பீட்டுக்குப் பின்னால். நௌஷாத் அதை அப்படியே வைத்துக்கொண்டான். எதுகை போய்விட்டது என்று நான் அன்றைக்கே சொன்னேன்.

ஆக அந்த ஒரு வரி மட்டும் என்னுடையது இல்லை. இதை நான் மறைக்கவில்லை. சொல்லுகிற அளவுக்கு அது ஒரு விஷயமாகப் படவில்லை. மீதிப் பாட்டு முழுக்க யார் எழுதியது? அதைப் பற்றி ஒருவராவது கேட்கிறாரா?

ஒருவர் எழுதியிருக்கிறார், “சிஸ்டர், பரீட்சைக்கு ஒப்பிக்கிற மாதிரி இருக்கு.” அவருக்கு நீளமாக ஒரு பதில் எழுதி, பிறகு அழித்தேன்.

அம்மா டிராக்கைக் கடைசி வரை கேட்டாள். முடிந்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. “அந்தக் கேள்வி இன்னும் வரலயே” என்றாள். பால்கோவாவை நானே தின்று தீர்த்தேன்.

27 பிப்ரவரி, செவ்வாய்

நௌஷாத் போன் செய்தான். மேரி சொல்லி, பாட்டுக்குக் கீழே பெயரை மாற்றிவிட்டானாம். போய்ப் பார்த்தேன். ‘வரிகள்: இன்பவல்லி’. மேடைப் பெயர் இல்லை, என் முழுப்பெயர். மேரியும் பங்கில் நின்றபடியே ஒரு வீடியோ போட்டிருக்கிறாள். பின்னால் ஒருவர் வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டிருக்கிறார். “இது இன்பவல்லி அக்கா எழுதுன பாட்டு. நான் பாடுனேன். அக்காவ யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க.” அவ்வளவுதான்.

கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். அவள் சிபாரிசில் கிடைத்தது என்பதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

சாயங்காலம் பிரதீபனே கூப்பிட்டார். சனிக்கிழமை போனில் பேட்டி, அப்படியே பதிவு செய்து போடுவாராம். “பலகைய மாத்த வேண்டியிருக்கும் போலயே மேடம்” என்று சிரித்தார். கொஞ்ச நேரத்தில் மேரி கூப்பிட்டாள்.

“அக்கா, அந்த லைனும் உன்துன்னே சொல்லிக்கோ. பாட்டு முழுசா ஒரு ஆள் பேருல இருந்தா நல்லாருக்கும். நான் வாயத் தொறக்கமாட்டேன். நௌஷாத் அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன்.”

ஒரே ஒரு ‘ஆமாம்’. இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் போய்விடலாம்.

2 மார்ச், சனி

பதிலைக் கண்ணாடி முன்னால் நின்று பயிற்சி செய்து வைத்திருந்தேன். கால்வாய்க் கரையில் நடந்து போனபோது அந்த வரி தானாக வந்தது என்று சொல்வதாக இருந்தேன். நடந்தது பொய் இல்லையே, போனேன்தானே.

பிரதீபன் எடுத்த எடுப்பில் கேட்டார். “எல்லாரும் கேக்குற கேள்விதான். ‘பேரக் கேட்டியா’ எப்படி மேடம் தோணுச்சு?”

“அது மேரியோடது” என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இப்போதுவரை எனக்கே கோபம். ஆனால் வேறு என்ன சொல்ல முடியும்? அந்தப் பாட்டிலேயே எனக்குப் பிடிக்காத ஒரே வரி அது. எதுகை இல்லை, மோனை இல்லை, தாளத்தில் உட்காரவும் இல்லை. அதைப் போய் நான் எழுதினேன் என்பேனா? தவிர இன்னொருத்தர் வரியை எடுத்து என்னுடையது என்று சொல்வது எச்சில் சோறு. பதினொரு வருஷமாகப் பாடுகிறேன், இதுவரை அதைத் தின்றதில்லை. எனக்கும் மானம் இருக்கிறது.

பிரதீபன் ‘ஓ’ என்றார். பிறகு, “அப்ப நீங்க எழுதினதுல உங்களுக்குப் பிடிச்ச லைன்?” என்றார். ‘எண்ணுக்குள் எனையெண்ணி’ வரியைச் சொன்னேன். ஒரே மூச்சில்.

“ஒண்ணும் பிடிபடல மேடம். கொஞ்சம் மெதுவாச் சொல்றீங்களா?”

மெதுவாகச் சொன்னேன். அது மெதுவாகச் சொல்வதற்காக எழுதிய வரி இல்லை.

“சூப்பர் மேடம்” என்றார். பிறகு, “மேரி எப்ப ஃப்ரீயா இருப்பாங்கன்னு தெரியுமா?” என்றார். இந்த வாரம் அவளுக்குக் காலை டியூட்டி, மூன்று மணிக்கு மேல் பங்குக்குப் போனால் பிடிக்கலாம் என்று நானே சொன்னேன்.

போனை வைத்ததும் அழுதேன். ஆத்திரத்தில்தான். அம்மா வந்து என்ன கேட்டார்கள் என்றாள். மேரியைப் பற்றிக் கேட்டார்கள் என்றேன்.

3 மார்ச், ஞாயிறு

நௌஷாத்திடம் போய் ‘நம்பர்’ பீட்டை மட்டும் போடச் சொன்னேன். அந்த வரியை நான் பாடிப் பார்க்க வேண்டும். அப்படி என்னதான் இருக்கிறது அதில்? நாலு வயதுப் பிள்ளைகூடச் சொல்லக்கூடிய ஒரு கேள்வி.

“நம்பர் போட வந்தவனே, பேரக் கேட்டியா?” பாடினேன். சரியாகத் தாளத்தில் உட்கார்ந்தது. போட்டுக் கேட்டோம். ரேஷன் கடையில் யாரோ விசாரிக்கிற மாதிரி இருந்தது. இன்னும் அழுத்தமாகப் பாடினேன், அதட்டுகிற மாதிரி இருந்தது. மெதுவாகப் பாடினேன், கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அழுகையைச் சேர்த்துப் பாடியதை நௌஷாத் பாதியிலேயே நிறுத்திவிட்டான். மத்தியானம் வரை பாடினேன். தொண்டை கட்டிவிட்டது.

“விடு வல்லி” என்றான். “நீ கேட்ட உடனே அடுத்த வரிக்குப் போயிடுற.”

“அடுத்த வரி இருக்கே, போகாம?”

“அவ நிக்கிறா.”

“எதுக்கு?”

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். “கேட்டிருக்காள்ல. பதிலுக்கு.”

இது ஒரு பதிலா? மறுபடி பாடினேன். கேட்டுவிட்டு நின்றேன். எனக்குப் பீட் மட்டும்தான் கேட்டது. அதற்கு மேல் நிற்க முடியாமல் பாய்ந்து அடுத்த வரியைப் பிடித்தேன். நின்றது பாதி நொடிகூட இருக்காது என்றான் நௌஷாத்.

நாளைக்கு அவனிடம் மேரியின் பதிவை வாங்கி, அவள் சரியாக எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்று அளந்து பார்க்கப் போகிறேன். அது தெரிந்துவிட்டால் போதும், ஒரு வாரத்தில் அவளைவிட நன்றாக நிற்பேன்.